விழுவதற்கு எத்தனை சொல்? ஆங்கில ‘ஃபால்’: பொருள், வேர், ஆர்மேனிய இணைகள் – முழுமையான வழிகாட்டி

ஆங்கில–ஆர்மேனிய அகராதியில் ‘ஃபால்’ என்று தேடினால் முதலில் வந்து நிற்கும் சொல் ‘அங்க்னெல்’. அதை நோட்டில் எழுதிக்கொண்டு அகராதியை மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் மூடினேன். பிறகு, இணையவழியில் எனக்கு ஆர்மேனியம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையிடம் ‘பனி விழுகிறது’ என்பதை அந்த வினையை வைத்துச் சொல்லிக் காட்டினேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. “பாவம், அடி பலமா?” என்று கேட்டார்.

ஆர்மேனியத்தில் பனி விழாது, வரும். கட்டடம் விழுவதற்கு ஒரு வினை, இலை விழுவதற்கு இன்னொன்று, போர்க்களத்தில் ஆள் விழுவதற்கு வேறொன்று. இதைக் கேட்டு ஆங்கிலக்காரர் மலைத்துப்போகலாம், நாம் மலைக்கவேண்டியதில்லை. இலை உதிரும், முடி கொட்டும், மண் சரியும், சுவர் இடியும், படகு கவிழும், பொழுது சாயும் என்று வகைவகையாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் நாம். ஆங்கிலத்திலிருந்து ஆர்மேனியத்துக்கு நேராகப் போகாமல் தமிழ் வழியாகச் சுற்றிப் போனால் பாதி வேலை தானாக முடிந்துவிடும். அந்தச் சுற்றுவழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

போகிற வழியில் வேர்ச்சொல் கதை ஒன்றும் இருக்கிறது. ஆங்கில ‘ஃபால்’ என்பதற்கு ஆர்மேனியத்தில் ஓர் உடன்பிறப்பு உண்டு. அது ‘அங்க்னெல்’ இல்லை. ‘அங்க்னெல்’லுக்கும் ஆங்கிலத்தில் ஓர் உடன்பிறப்பு உண்டு, அது ‘ஃபால்’ இல்லை.

தொடங்குவதற்கு முன்: எழுத்தும் ஒலியும்

ஆர்மேனியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். மூன்று விஷயங்களை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

‘அங்க்னெல்’ என்பதன் முதல் ஒலி முழு ‘அ’ இல்லை. ‘பந்து’, ‘காசு’ என்று சொல்லும்போது கடைசியில் வாய் குவியாமல் ஓர் உகரம் தேய்கிறதே, நம் குற்றியலுகரம், அதற்குக் கிட்டத்தட்ட அருகில் வரும் ஒலி. ஆர்மேனியத்தில் மெய்கள் நெருக்கியடித்து நிற்கும் இடங்களில் இந்தத் தேய்ந்த ஒலி எழுத்தில் காட்டப்படாமலே உள்ளே நுழைந்துகொள்ளும்.

அடுத்தது பகரம். ஆர்மேனியருக்கு மூன்று ‘ப’ உண்டு. அதில் ஒன்று மூச்சை வெளியே தள்ளிச் சொல்வது. இந்திக்காரர் பழத்தை ‘பல்’ என்பாரே, அந்தப் ப. இந்த மூச்சுப் பகரத்தை நினைவில் வையுங்கள், துப்பறியும் வேலையில் அதுதான் முக்கியத் தடயம்.

மூன்றாவது, ஆர்மேனியம் இரண்டு எழுத்து வழக்குகளாக வாழ்கிறது. ஆர்மேனியக் குடியரசிலும் ஈரானிய ஆர்மேனியரிடமும் பேசப்படுவது கிழக்கு ஆர்மேனியம். ஒட்டோமன் பேரரசிலிருந்து சிதறடிக்கப்பட்டு லெபனான், பிரான்ஸ், அமெரிக்கா என்று போனவர்களின் மொழி மேற்கு ஆர்மேனியம். அதை 2010இல் யுனெஸ்கோ அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் சேர்த்தது. கிழக்கில் ‘க்’ என்று ஒலிக்கும் ஓர் எழுத்தை மேற்கில் மென்மையாக, நம் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம் போல, ஒலிப்பார்கள். இங்கே ‘ங்க்க’ என்று எழுதியிருந்தால் கிழக்கு, ‘ங்க’ என்றிருந்தால் மேற்கு.

முதல் படி: விழுந்தது எது என்று பாருங்கள்

அகராதியைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யவேண்டும். ஆங்கில வாக்கியத்தில் ‘ஃபால்’ வந்தால், எழுவாயைப் பார்த்து அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழில் ‘விழு’ என்றே வருகிறதா, வேறு வினை வருகிறதா?

ஏணியிலிருந்து ஆள் விழுந்தான். இங்கே தமிழும் ‘விழு’, ஆர்மேனியமும் ‘அங்க்னெல்’. ‘விழுந்தான்’ என்பது கிழக்கில் ‘அங்க்காவ்’, மேற்கில் ‘இங்காவ்’. மேற்கு வழக்கில் வினையின் பெயரே ‘இய்னல்’ என்று உருமாறிவிட்டது. இறந்தகாலத்தில் மட்டும் பழைய ககரம் தலைகாட்டுகிறது. குழந்தையின் பால்பல் விழுந்தாலும் ‘அங்க்னெல்’தான்.

தலைமுடி? தமிழில் கொட்டுகிறது என்போம். ஆர்மேனியத்தில் ‘தப்வெல்’. இலைக்கும் அதுவே. மேசையில் தேநீர் கொட்டிவிட்டாலும் அதுவே. தமிழில் முடி, தேநீர் இரண்டுக்கும் ‘கொட்டு’ என்ற ஒரே வினை வருவதும், ஆர்மேனியத்தில் இரண்டுக்கும் ‘தப்வெல்’ வருவதும் முதன்முதலில் கண்ணில் பட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆங்கிலம் வழியாகப் போயிருந்தால் ஒன்று ‘ஃபால்’, மற்றது ‘ஸ்பில்’ என்று இரண்டு அறைகளில் கிடந்திருக்கும். இலையுதிர்வுக்கு ‘தெரெவதாப்’ என்று பெயர். ‘தெரெவ்’ என்றால் இலை. நம் ‘இலையுதிர்’ போலவே அச்சு அசலான கூட்டுச்சொல்.

மயங்கி விழுவதற்கும் இதே வினைதான்: ‘உஷதப்வெல்’. ‘உஷ்’ என்றால் நினைவு, கவனம். நினைவு கொட்டிப்போவதுதான் அவர்களுக்கு மயக்கம்.

கட்டடம், கூரை, சுரங்கம் என்றால் தமிழில் இடிந்து விழுந்தது என்போம். ஆர்மேனியத்தில் ‘பல்வெல்’ அல்லது ‘பல்செல்’. முதல் எழுத்து மூச்சுப் பகரம். இடிவு என்னும் பெயர்ச்சொல் ‘பலுஸும்’. இடிபாடு ‘பலத்தாக்’. 1988 டிசம்பர் 7, காலை 11.41 மணிக்கு வடக்கு ஆர்மேனியாவின் ஸ்பிதாக் நகரை மையமாகக் கொண்டு நிலம் குலுங்கியது. ஸ்பிதாக் ஏறக்குறைய முழுவதும் தரைமட்டம். அப்போது லெனினாகன் எனப்பட்ட கியும்ரியில் அடுக்குமாடிகள் சீட்டுக்கட்டு போல அடங்கின. குறைந்தது 25,000 பேர் இறந்தார்கள். ஆர்மேனியருக்கு ‘பலத்தாக்’ என்ற சொல் வெறும் செங்கல் குவியல் இல்லை. ‘இடிபாடுகளுக்கு அடியில்’ என்ற தொடரைக் கேட்டாலே அந்தக் காலைதான் நினைவுக்கு வரும். இந்தச் சொல்லை மறக்காதீர்கள், மூன்றாம் படியில் திரும்ப வரும்.

பனியும் மழையும் வரும். ‘ட்ஸ்யுன் எ கலிஸ்’, பனி வருகிறது. ‘அண்ட்ஸ்ரெவ் எ கலிஸ்’, மழை வருகிறது. நம் வீட்டில் “மழை வருது, துணியை எடு” என்பது போலத்தான். இடையில் ஒன்று: ‘ட்ஸ்யுன்’ என்பதும் வடமொழி ‘ஹிமம்’ என்பதும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. இமயம் என்று நாம் சொல்லும்போதெல்லாம் அந்த ஆர்மேனியப் பனியின் ஒன்றுவிட்ட உறவைத்தான் சொல்கிறோம்.

நீர் விழும் இடம் ‘ஜர்வெஜ்’. ‘ஜுர்’ நீர், பின்பாதி, பீறிட்டுப் பாய்வதைக் குறிக்கும் ‘விஜெல்’ என்ற வினையோடு சேர்ந்தது. சிசியான் அருகே ஷாக்கி, மலையூற்று நகரமான ஜெர்முக் இரண்டும் பேர்போன ஜர்வெஜ்கள். இதை மொழிபெயர்க்கும்போது ‘நீர்வீழ்ச்சி’ என்று எழுதுவதைவிட ‘அருவி’ என்பதே எனக்குப் பிடிக்கும். ஆங்கிலச் சொல்லைப் பிளந்து ஒட்டிய வாடை நீர்வீழ்ச்சியில் அடிக்கிறது. ‘விஜெல்’ என்ற வினைக்குக் கரு கலைதல் என்ற பொருளும் இருக்கிறது என்பதால் அதைத் தனியாகக் கையாளும்போது கவனம் தேவை.

விலை விழுவது எளிது. ‘அங்க்னெல்’ என்றாலும் சரி, ‘இறங்கு’ என்று பொருள்படும் ‘இஜ்னெல்’ என்றாலும் சரி.

போர்க்களத்தில் விழுந்தவர் என்றால் நின்று யோசிக்கவேண்டும். ‘அங்க்னெல்’ தவறில்லை, ஆனால் செய்தியிலும் நினைவுக்கல்லிலும் அடிக்கடி வருவது ‘ஸொஹ்வெல்’. ‘ஸொஹ்’ என்றால் பலி. தமிழில் ‘களப்பலியானார்’ என்கிறோமே, அதே மனம், அதே சொல்லமைப்பு. ‘வீழ்ந்தார்’ என்று எழுதுவதா, ‘பலியானார்’ என்று எழுதுவதா என்று தமிழில் என்னென்ன யோசிப்பீர்களோ அதையெல்லாம் அங்கேயும் யோசிக்கவேண்டும்.

நகரமோ பேரரசோ விழுந்தால் பெயர்ச்சொல் ‘அங்க்கூம்’. 1064இல் செல்ஜுக் துருக்கியரின் படைகளிடம் பழைய ஆர்மேனியத் தலைநகரான ஆனி விழுந்ததும், 1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் விழுந்ததும் ‘அங்க்கூம்’தான்.

இரண்டாம் படி: ஆங்கிலச் சொல்லின் பழைய உருவத்தைத் தோண்டுங்கள்

பழைய ஆங்கிலத்தில் இந்த வினை ‘ஃபெயல்லன்’. ஜெர்மனில் ‘ஃபாலன்’, ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியான நோர்ஸில் ‘ஃபல்லா’. ஜெர்மானியக் குடும்பம் முழுக்க ஒரே முகம், அதனால் இங்கே பெரிய புதிர் இல்லை. நான் நிறுத்திப் பார்க்கச் சொல்வது இரண்டு இடங்களில்.

ஒன்று ‘ஃபெல்’. இது ‘ஃபால்’ என்பதன் இறந்தகாலம். ஆனால் மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கும் ‘ஃபெல்’ என்றே ஒரு தனி வினை இருக்கிறது. உருவம் ஒன்றானது தற்செயல். சாய்க்கும் ‘ஃபெல்’ பழைய ஜெர்மானியத்தின் பிறவினை: ‘விழச் செய்’. பின்னால் இருந்த இகர ஒலி ஒன்று முன்னால் இருந்த உயிரை இழுத்து மாற்றிவிட்டு மறைந்துபோனது. ‘மேன்’ பன்மையில் ‘மென்’ ஆவதும், ‘ஃபுட்’ பன்மையில் ‘ஃபீட்’ ஆவதும் இதே இழுப்பால்தான். வீழ் – வீழ்த்து, உருள் – உருட்டு என்று தன்வினை பிறவினை படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

ஆர்மேனியத்திலும் இந்த இணை இருந்தது. செவ்வியல் ஆர்மேனியத்தில் விழுவது ‘அங்க்கனிம்’; வீழ்த்துவது, எறிவது ‘அங்க்கெனும்’. இந்த இரண்டாவதன் இறந்தகால வடிவம் தேய்ந்து இன்றைய கிழக்கு ஆர்மேனியத்தில் ‘கத்ஸெல்’ ஆகியிருக்கிறது: கீழே போடு, தவறவிடு. கைபேசியைக் கீழே போட்டுவிட்டேன் என்பதற்கு இதுதான் வினை. அதே வேரில் பிறந்த ‘அங்க்கெத்ஸிக்’ என்பது தெருவில் போட்டுவிட்டுப் போன குழந்தையைக் குறிக்கும்.

இன்னொன்று பருவம். அமெரிக்காவில் இலையுதிர்காலத்துக்கு ‘ஃபால்’ என்று பெயர். இதை அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படியில்லை. ‘இலையின் விழுதல்’ என்ற தொடர் 16ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் புழங்கியது, பிறகு சுருங்கி ‘ஃபால்’ ஆனது, கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடந்தது. தாய்நாட்டில் லத்தீன்வழி வந்த ‘ஆட்டம்’ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. குடியேறிய இடத்தில் பழையது தங்கிவிட்டது. ஆர்மேனியத்தில் பருவத்தின் பெயர் ‘அஷுன்’. விழுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாட்காட்டியை மொழிபெயர்க்கும்போது ‘ஃபால்’ என்பதைக் கண்டு ‘அங்க்கூம்’ என்று எழுதிவிட்டால் செப்டம்பர் மாதத்தில் ஏதோ பேரரசு கவிழ்ந்ததாகிவிடும்.

மூன்றாம் படி: உடன்பிறப்பைத் தேடுங்கள், ஒலிவிதியால் சோதியுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிக் குதிக்கிறார்கள். நான் இங்கே கொஞ்சம் உட்காரப்போகிறேன்.

ஜெர்மானியத்தில் ‘ஃப’ என்று தொடங்கும் பழஞ்சொற்கள் அதற்கு முந்தைய மூலமொழியில், அதாவது ஆங்கிலம், வடமொழி, ஆர்மேனியம் எல்லாம் கிளைத்த இந்தோ-ஐரோப்பிய மொழியில், ‘ப’ என்று தொடங்கியவை. 1822இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் இதை ஒழுங்காக வகுத்துக் காட்டினார். வடமொழியில் ‘ப’ அப்படியே நின்றது, ஆங்கிலத்தில் ‘ஃப’ ஆனது: பிதா – ஃபாதர், பாதம் – ஃபுட், பஞ்ச – ஃபைவ். ஆர்மேனியத்தில் அதே ‘ப’ தேய்ந்து ‘ஹ’ ஆனது, அல்லது காணாமலே போனது: தந்தை ‘ஹய்ர்’, ஐந்து ‘ஹிங்’, பாதம் ‘ஓத்ன்’.

இப்போது ‘ஃபால்’. ஆர்மேனியத்தில் இதன் உறவு ‘ஹ’வில் தொடங்கவேண்டும், அல்லது உயிரில். ஆனால் அறிஞர்கள் சுட்டும் உறவு ‘புல்’ என்ற சொல்: இடிந்து விழுதல். இதன் வினைதான் நாம் ஏற்கெனவே பார்த்த ‘பல்வெல்’, இதன் குழந்தைதான் ‘பலத்தாக்’. லிதுவேனிய மொழியில் விழுவதைக் குறிக்கும் ‘புல்த்தி’யும் இதே குடும்பத்தில் சேர்க்கப்படுகிறது. பகரம் எப்படித் தேயாமல் நின்றது? மூச்சுப் பகரம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதுதான் பதில். மூலத்திலேயே சாதாரணப் பகரமாக இல்லாமல் மூச்சோடு சேர்ந்த பகரமாக இருந்திருந்தால்தான் ஆர்மேனியத்தில் அது இப்படிப் பிழைக்கும். அதனால்தான் மொழியறிஞர் ஜூலியஸ் போக்கோர்னி 1959இல் வெளியிட்ட வேர்ச்சொல் அகராதியில் இந்த வேரை மூச்சுப் பகரம் போட்டே பதிவுசெய்தார். அப்படிப்பட்ட ஒலி மூலமொழியில் அரிது என்பதால் இந்த உறவைத் தயக்கத்தோடு பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தத் தயக்கமும் பிடித்திருக்கிறது. வேர் தேடும் வேலையில் சந்தேகப்படத் தெரியாதவர்களை நம்பக்கூடாது.

ஆக, அந்த உறவை ஏற்றுக்கொண்டால், ஆங்கிலக் குழந்தை நடை பழகும்போது விழும் ‘ஃபால்’ என்பதும், ஸ்பிதாக்கின் ‘பலத்தாக்’ என்பதும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

அப்படியானால் ‘அங்க்னெல்’ யார் வீட்டுப் பிள்ளை? அதன் செவ்வியல் வடிவம் ‘அங்க்கனிம்’; வேர் ‘அங்க்-’. இதை மூன்று துண்டாக்கிப் பாருங்கள்.

மூலச்சொல்லின் தொடக்கத்தில் ஒரு சகரம் இருந்தது. ஆர்மேனியத்தில் சொல்முதல் சகரம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வடமொழி ‘சப்த’, ஆங்கில ‘செவன்’ என்பதற்கு இணையாக ஆர்மேனியத்தில் நிற்பது ‘யோத்’. சகரம் போயே போய்விட்டது.

நடுவில் உயிர்போல் ஒலித்த ஒரு னகரம். அது ஆர்மேனியத்தில் ‘அன்’ ஆகும். எதிர்மறை முன்னொட்டு ஆங்கிலத்தில் ‘அன்-’, ஆர்மேனியத்திலும் ‘அன்-’. இரண்டும் அந்த ஒற்றை னகரத்தின் பிள்ளைகள்.

கடைசியில் உதடு குவித்துச் சொல்லும் ஒரு மென்ககரம். அது ஆர்மேனியத்தில் வன்ககரமாகும். வடமொழி ‘கோ’, ஆர்மேனிய ‘கோவ்’, ஆங்கில ‘கௌ’, எல்லாம் பசுதான்.

சகரம் உதிர்ந்து, ‘அன்’ வந்து, ககரம் வன்மையாகி: அங்க். இதே மூலம் ஆங்கிலத்தில் சகரத்தைக் காப்பாற்றி, கடைசி ஒலியை வன்மையாக்கினால் என்ன வரும்? ‘சிங்க்’. மூழ்கு, அமிழ் என்று பொருள்படும் அதே ‘சிங்க்’. ஆங்கிலத்தில் கப்பல் மூழ்குவதும் ஆர்மேனியத்தில் ஆள் விழுவதும் ஒரே வேர். ‘ஃபால்’ பக்கம் இருந்த தயக்கம் இந்தப் பக்கம் எனக்கு இல்லை. ஒலிகள் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் வந்து நிற்பது அபூர்வம்.

நம்மூர்ப் பொறிகள் சில

‘விழு’வுக்கும் ‘ஃபால்’ என்பதற்கும் முடிச்சுப் போடும் ஆசை யாருக்கும் வரும். விழு, ஃபால், உதட்டில் தொடங்கி லகர ழகரத்தில் முடிகிறதே! ஆனால் ஆங்கில ஃபகரம் பழைய பகரத்திலிருந்து வந்தது என்று இப்போதுதான் பார்த்தோம். நம் ‘வீழ்’ மலையாளத்தில் ‘வீழுக’, கன்னடத்தில் ‘பீளு’ என்று திராவிடக் குடும்பத்துக்குள் சுத்தமாகப் பொருந்தி நிற்கிறது. இரண்டுக்கும் உறவில்லை. வடமொழி ‘பதனம்’, ‘பதிதன்’ என்பவையும் விழுதலைக் குறிப்பவைதான். அவையும் ‘ஃபால்’ என்பதன் உறவல்ல, வேறு வேர்.

ஒலி ஒத்துப்போவதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை பாரிமுனையிலேயே சாட்சி இருக்கிறது. ஆர்மேனியன் தெருவை நம் மக்கள் ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆக்கினார்கள். அங்கே எந்த அரண்மனையும் இல்லை. ‘ஆர்மேனியன்’ என்பது காதுக்குப் பழகிய சொல்லாக உருண்டுவிட்டது. அங்கே இருப்பது 1772இல் எழுந்த ஆர்மேனிய மாதா கோயில். உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அச்சானதும் இதே சென்னையில்தான்.

ஆர்மேனியத்துக்கு உள்ளேயும் பொறிகள் உண்டு. ‘அங்க்-’ என்று தொடங்குவதெல்லாம் விழுவதில்லை. ‘அங்க்கெர்’ என்றால் தோழர். கூட என்று பொருள்தரும் ‘அந்த்’, உணவைக் குறிக்கும் ‘கெர்’ இரண்டும் சேர்ந்து ‘கூட உண்பவர்’ ஆனது. ‘அங்க்காக்’ என்றால் சுதந்திரமான. ‘அன்’ எதிர்மறை, ‘காக்’ தொங்குதல். தொங்காமல் நிற்பதுதான் விடுதலை. 1991 செப்டம்பர் 21 அன்று ஆர்மேனிய மக்கள் வாக்களித்து ஏற்றது இதைத்தான். இதில் ‘அங்க்கூம்’ என்ற வீழ்ச்சியைப் பார்த்துவிட்டால் வரலாறே தலைகீழாகும்.

நான்காம் படி: சேர்க்கைகளைப் பழகுங்கள்

தனிச்சொல்லை விட்டு, சொல் எதோடு கூடி வாழ்கிறது என்று பார்க்கும் இடம் இது. ஆங்கிலத்தில் ‘ஃபால்’ போட்டுச் சொல்லும் சிலவற்றை ஆர்மேனியம் வேறு மாதிரி சொல்லும். ஆங்கிலம் கனவிலும் நினைக்காத சிலவற்றில் ‘அங்க்னெல்’ வந்து உட்கார்ந்திருக்கும்.

காதலில் ‘விழுவது’ ஆர்மேனியத்தில் இல்லை. ‘சிரஹர்வெல்’ என்பார்கள். ‘செர்’ காதல், ‘ஹார்’ அடி. காதலால் அடிபடுவது. தூக்கத்தில் ‘விழுவது’ இல்லை, ‘குன் மத்னெல்’, தூக்கத்துக்குள் நுழைவது. இந்தக் ‘குன்’ என்பதும் நம் ‘சொப்பனம்’ என்பதும் ஒரே மூலத்து உறவு என்றால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். வடமொழி ‘ஸ்வப்ன’ வழியாக வந்தது நம்முடையது. நோய் வந்தால் ‘ஹிவந்தனல்’, ஒரே சொல். ஆனால் நோய் முற்றினால் ‘அங்க்கொகின் அங்க்னெல்’, படுக்கையில் விழுவது. நம் ஊரிலும் அப்படித்தானே.

எதிர்த்திசையில் வந்தால் இன்னும் ருசி. இருட்டுவதை, இதில் மட்டும் ஆங்கிலம் போலவே, ‘முத்ன் அங்க்காவ்’ என்பார்கள், இருள் விழுந்தது. ஒரு விஷயம் நினைவுக்கு வந்தால் ‘மித்கஸ் அங்க்காவ்’, என் மனத்தில் விழுந்தது. கூட்டத்தில் ஒருவர் தனித்துத் தெரிந்தால் ‘ஆச்கி அங்க்னெல்’, கண்ணில் விழுவது. பங்கு கிடைத்தால் ‘பஜின் அங்க்னெல்’, லாட்டரியில் நமக்குப் பரிசு விழுவது போல. கெஞ்சுகிறவர் காலில் விழுவது அங்கேயும் உண்டு. ஊருக்குக் கிளம்புவதை ‘ச்சனபார் அங்க்னெல்’ என்பார்கள், வழியில் விழுவது. எனக்கு மிகப் பிடித்தது இது. தடுக்கி விழுவது என்று ஒருமுறை தப்பாகப் புரிந்துகொண்டு, பயணக் கட்டுரை ஒன்றில் ஒரு குடும்பத்தையே காலையில் தெருவில் உருளவிட்டிருக்கிறேன்.

இன்னொன்று ‘ஹமங்க்னெல்’: ‘ஹம்’ என்றால் ஒருங்கே. சேர்ந்து விழுவது, அதாவது ஒரே நேரத்தில் அமைவது. ஆங்கில ‘கோயின்சைட்’ என்பதை லத்தீனில் பிளந்தாலும் ‘சேர்ந்து மேல் விழு’தான். ‘கேஸ்’ என்று இலக்கணத்தில் வேற்றுமையைச் சொல்கிறார்களே, அதுவும் லத்தீனில் விழுதல்தான். கிரேக்கர் பெயர்ச்சொல் ‘விழுவதாக’க் கற்பனை செய்ததன் மொழிபெயர்ப்பு. ஆர்மேனிய இலக்கணிகள் வேற்றுமைக்கு வைத்த பெயர் ‘ஹொலோவ்’, உருளல். நாம் விழாமல் உருளாமல் வேற்றுமை என்று முடித்துக்கொண்டோம்.

ஒரு பொறி மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் ‘பின்னால் விழு’ என்றால் பின்தங்குவது. ஆர்மேனியத்தில் ‘ஹெதெவித்ஸ் அங்க்னெல்’, பின்னால் விழுவது, என்றால் ஒருவரைத் துரத்துவது, விடாமல் பின்தொடர்வது. பின்தங்குவதற்கு ‘ஹெத் அங்க்னெல்’. சில எழுத்து வித்தியாசத்தில் பின்தங்குகிறவர் துரத்துகிறவராகிவிடுவார்.

ஐந்தாம் படி: எந்த அகராதியில் எதைத் தேடுவது

செவ்வியல் வடிவத்துக்கு, வெனிஸ் அருகே சான் லாசரோ தீவில் வாழும் ஆர்மேனியக் கத்தோலிக்கரான மெகிதாரிஸ்ட் துறவிகள் 1836–37இல் வெளியிட்ட பெரிய ஹாய்க்கசியான் அகராதி இன்றும் அசையாத ஆதாரம். வேருக்கு ஆர்மேனிய மொழியறிஞர் ஹ்ராச்யா அச்சார்யான். 1926 முதல் 1935 வரை யெரெவானில் ஏழு தொகுதிகளாக வந்த அவரது வேர்ச்சொல் அகராதி, ஒவ்வொரு வேருக்கும் முன்பு யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று சரியானதையும் தவறானதையும் வரிசையாக வைக்கும். தவறானவற்றைப் படிப்பதில்தான் பாடம் அதிகம். இவற்றின் பக்கங்களைப் படமாக்கி இலவசமாக வைத்திருக்கும் தளம் நைரி; வார்த்தையைத் தட்டினால் பக்கம் திறக்கும். ஆர்மேனிய எழுத்தைப் படிக்கத் தெரியவேண்டும். எழுத்துகள் 39தான், 247 எழுதிப் பழகிய கைக்கு ஒரு வாரம் போதும்.

தேடும்போது கிழக்கு, மேற்கு எழுத்துமுறை வேறு வேறு என்பதை மறந்தால் சொல்லே இல்லை என்று பதில் வரும். அகராதி பொய் சொல்லவில்லை. 1922இல் சோவியத் ஆர்மேனியாவில் எழுத்துமுறையைச் சீர்திருத்தியதால் வந்த விளைவு இது.

கடைசிப் படி: சோதித்துப் பாருங்கள்

கீழே உள்ளவற்றை ஆர்மேனியத்தில் எந்த வினையில் சொல்வீர்கள் என்று, மேலே பார்க்காமல், சொல்லிப் பாருங்கள். பாட்டியின் முடி கொட்டுகிறது. கிணற்றுச் சுவர் இடிந்தது. வெங்காய விலை இறங்கியது. பையன் மரத்திலிருந்து விழுந்தான். விடியற்காலையில் கிளம்பினோம். தப்வெல், பல்வெல், இஜ்னெல், அங்க்னெல், கடைசிக்கும் அங்க்னெல், ஆனால் முன்னால் ஒரு ‘ச்சனபார்’ போட்டு.

எல்லாம் சரியாக வந்தால், ஆர்மேனியப் பாட்டிகள் கதை முடிக்கும் வாக்கியம் ஒன்று இருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வானத்திலிருந்து மூன்று ஆப்பிள் விழுந்ததாம். ஒன்று கதை சொன்னவருக்கு, ஒன்று கேட்டவருக்கு. மூன்றாவது யாருக்கு என்பதில்தான் ஊருக்கு ஊர் தகராறு. யெரெவானில் அந்த ஆப்பிள் ‘அங்க்காவ்’, பெய்ரூட்டில் ‘இங்காவ்’.